பால் பானையில் என்ன வெட்டட்டும்?

பரிமளா: கடிகாரம் இல்லைங்கய்யா. இது பாத்திரக் கடை. எத்தன தடவ கேப்பீங்க?

ராக்கன்: பால் காய்ச்சுற வீட்டுக்கு எல்லாரும் கடிகாரம்தானே தாயி கொடுக்குறாங்க. நீ வாங்கி வச்சிருக்கலாம்ல.

அழகம்மாள்: நீங்க செத்த பேசாம இருங்க. நம்ம வீட்டுக்குப் பால் காய்ச்சுனப்ப ஒம்போது கடிகாரம் வந்துச்சு. அதுல எந்த ரெண்டும் ஒரே மணி காட்டல.

ராக்கன்: அது நல்லதுதானடி. நான் எந்நேரம் வீட்டுக்கு வந்தாலும் ஏதோ ஒரு கடிகாரத்துல சீக்கிரமா வந்திருப்பேன்.

பரிமளா: விசேஷம் யாரு வீட்டுலங்கம்மா? அதச் சொன்னீங்கன்னா நானே பாத்து எடுத்துத் தாரேன்.

அழகம்மாள்: மகளுக்குத்தான்.

ராக்கன்: மக... ஆமா. மகதான்.

பரிமளா: எங்கிட்டுக் கட்டியிருக்காங்க?

அழகம்மாள்: திருவரங்குளத்துல. ரெண்டு ரூமு, ஒரு ஹாலு. நர்ஸு வேல பாக்குறா. லோன் போட்டு ஒத்தையில நின்னு கட்டுனா. காலையில புள்ளைங்களுக்கு ஊசி, மத்தியானம் கொத்தனாரோட சண்ட...

ராக்கன்: கடைசியில கொத்தனாருக்கே ஊசி போட்டாளாம். அன்னைக்கிலேர்ந்துதான் செவரு நேரா எழும்புச்சு.

பரிமளா: நாளைக்கா பால் காய்ச்சுறாங்க?

அழகம்மாள்: நாளைக்குக் காலையில. அம்புட்டு சனத்துக்கு முன்னாடி நாங்க கொடுக்குறதப் பாத்து அவ சங்கடப்பட்டுறக் கூடாது. அத நெனச்சே ரெண்டு நாளா சோறு எறங்கல.

ராக்கன்: காலையில ஏழு இட்லி எறங்குச்சு.

அழகம்மாள்: இட்லி சோறா?

பரிமளா: ஆத்தா கொடுக்குறதுல மகளுக்கு என்னங்கம்மா சங்கடம்? பொறந்த வீட்டுச் சீருன்னா மொதல்ல பால் பானைதான். இந்தா பாருங்க, நல்ல கனமான பித்தளை. வாய் அகலம். பால் சட்டுனு பொங்கி வடியும்.

அழகம்மாள்: பால் பானையா?

பரிமளா: புடிச்சுப் பாருங்க. ஏன் கைய இழுத்துக்கிறீங்க?

அழகம்மாள்: நல்லாத்தான் இருக்கு...

ராக்கன்: பானை வேணாம் தாயி. டிபன் கேரியர் காட்டு. டிபன் கேரியர் கொடுத்து எந்த வீட்டுலயும் சண்ட வந்ததில்ல.

பரிமளா: அது கூட வேல பாக்குறவங்க கொடுக்குறதுங்கய்யா. பெத்தவரு டிபன் கேரியரத் தூக்கிட்டுப் போனா ஊரு சிரிக்கும்.

அழகம்மாள்: அப்படிக் கேளு ஆத்தா. நேத்து மம்பட்டி வாங்கிட்டுப் போவோம்னு சொன்ன மனுசன் இவரு.

ராக்கன்: என்னடி தப்பு? பின்னாடி நாலு தென்னங்கன்னு வைக்கலாம்ல. வர்றவன் பூரா சாமி படம் கொண்டாந்து போடுவான். பன்னெண்டு முருகன் வந்தா எழுவத்திரெண்டு மொகம். வேலைக்குப் போற பொம்பள எத்தன மொகத்தத்தான் தொடைப்பா?

பரிமளா: சாமியவே கணக்குப் பாக்குறீங்களே. சரி, ஒங்க மாப்பிள்ளைக்கு எது புடிக்கும்னு பாத்து எடுங்களேன்.

அழகம்மாள்: அந்த நாயிக்கு எது புடிச்சா எனக்கென்ன.

பரிமளா: என்னங்கம்மா, மாப்பிள்ளையப் போயி...

ராக்கன்: சிங்கப்பூர்ல இருக்கான் தாயி. இங்கிட்டுத் திட்டுனா அங்கிட்டுக் கேக்காது.

பரிமளா: விசேஷத்துக்கு வரலையா அவரு?

அழகம்மாள்: எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வருவான்? அங்க ஒருத்தியச் சேத்துக்கிட்டு, இவள மூணு வருஷம் ஃபோனும் கையுமா ஒக்கார வச்சவன். எல்லாம் வளத்த லட்சணம்.

ராக்கன்: செல்லம் கொடுத்தது யாரு?

அழகம்மாள்: நானா? ஆறு வயசு வரைக்கும் பாயில மோண்டவன, திட்டாதடின்னு தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டுத் திரிஞ்சது யாரு?

பரிமளா: யாரு... மாப்பிள்ளையா பாயில?

ராக்கன்: ம்... ஒறவுக்குள்ளதான் தாயி.

அழகம்மாள்: பக்கத்து வீடு மாதிரி.

ராக்கன்: ரொம்பப் பக்கம்.

பரிமளா: அய்யா, ஒங்க ஃபோன் அடிக்குது.

ராக்கன்: அலோ... சொல்லுப்பா... ஆலங்குடிலதான். வெதக்கடல பாக்க வந்தோம்... என்ன சத்தமா? கடல ஒடைக்கிற மிஷினு... பித்தள சத்தமெல்லாம் இல்ல. ஒனக்குக் காது அடைச்சிருக்கும்... ஆமா, ஆத்தா இங்கதான் நிக்கிறா. பேச மாட்டாளாம். பல்லு வலி.

அழகம்மாள்: எனக்கு எப்ப பல்லு வலி?

ராக்கன்: இப்பத்தான். ஃபோன வச்சுட்டான்.

பரிமளா: யாருங்கய்யா?

ராக்கன்: எங்க பய. ஒத்தப் பய.

பரிமளா: மகனா? அவரும் வெளியூருங்களா?

அழகம்மாள்: சிங்கப்பூரு.

பரிமளா: மாப்பிள்ளையும் அங்கதான்னீங்க. மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே ஊர்லயா?

ராக்கன்: ஒரே ரூமு.

பரிமளா: அட.

ராக்கன்: ஒரே கட்டிலு.

அழகம்மாள்: போதும், நிறுத்துங்க. என்ன சொன்னான்?

ராக்கன்: பழைய பாட்டுத்தான். பத்திரிகை வந்தத எவனோ ஊர்லேர்ந்து சொல்லிப்புட்டான். அவ வாசல நாம மிதிச்சோம்னா நமக்குக் கொள்ளி வைக்க வரமாட்டானாம்.

பரிமளா: கூடப் பொறந்தவ வீட்டுக்குப் போறதுக்கா இப்படிப் பேசுறாரு?

அழகம்மாள்: அவங்களுக்குள்ள ஆகாது ஆத்தா.

பரிமளா: அதுக்காகப் பெத்தவங்களப் பாத்துக் கொள்ளி வைக்க மாட்டேன்னு சொல்றதா?

ராக்கன்: வேகுற கட்டைக்கு எவன் வச்சா என்ன தாயி. நான் என்ன எந்திரிச்சு வந்திருக்கானான்னு தலைய எண்ணவா போறேன்?

அழகம்மாள்: வாயப் பாரு. அவன் சொன்னதும் மூஞ்சி சுருங்கிப் போச்சு. எனக்குத் தெரியாதா?

ராக்கன்: ...பய பேச்சு கசக்கத்தான் செய்யுது. அதுக்கு என்ன பண்ண?

பரிமளா: வந்ததுமே பதினோரு மணி பஸ்ஸப் புடிக்கணும்னீங்க. எத எடுக்கட்டும்?

அழகம்மாள்: போன வாரம் பத்திரிகை வைக்க வந்தா. வாசல்லயே நிக்கிறா, உள்ள வரலாமான்னு கேட்டுக்கிட்டு. கையப் புடிச்சு இழுத்தாந்து ஒக்கார வச்சேன். எல்லாம் வாங்கிட்டியாடின்னேன். பால் பானை மட்டும் இல்ல, அத நானே வாங்கிக்கிறேன்னா. சிரிச்சுக்கிட்டே சொல்றா. எனக்கு அடுப்படிக்குப் போயி அழணும் போல இருந்துச்சு.

ராக்கன்: போயி அழுத. காப்பித் தண்ணியில உப்பு கரிச்சுச்சு.

பரிமளா: நீங்க இருக்கறப்ப அவங்க ஏன் பானை வாங்கணும்? இதென்ன கூத்து?

அழகம்மாள்: அந்த உரிமை எங்களுக்கு இருக்கான்னுதான் ஆத்தா தெரியல...

ராக்கன்: கொடுத்து, அவ வேணாம்னுட்டா?

அழகம்மாள்: வேணாம்னா வாங்கிக்கிட்டு அழுதுக்கிட்டே திரும்பி வாரேன்.

ராக்கன்: பானைய மடியில வச்சுக்கிட்டு பஸ்ல அழுதா கண்டக்டர் ரெண்டு பேருக்கும் லக்கேஜ் போட்டுருவான்.

அழகம்மாள்: இந்த நேரத்துலயும் கேலியா?

ராக்கன்: பின்ன, நானும் அழவா? யாராவது ஒருத்தர் பானையத் தூக்க வேணாமா? போடு தாயி. அந்தப் பானையவே போடு.

அழகம்மாள்: நெசமாவா சொல்றீங்க?

ராக்கன்: அவன் கொள்ளிக்கு வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். நாளைக்கு தானே வாங்குன பானையில அந்தப் புள்ள ஒத்தையில பால் காய்ச்சுறத என்னால பாக்க முடியாது.

பரிமளா: இப்பத்தான் அப்பா மாதிரி பேசுறீங்க. சரி, பேரு வெட்டணுமே. மிஷின் இருக்கு, அஞ்சு நிமிசம்.

ராக்கன்: பேரா? பேரு எதுக்கு?

பரிமளா: வெட்டாமக் கொடுத்தா யாரு கொடுத்ததுன்னு தெரியாதுங்களே.

ராக்கன்: அதுதான் எங்களுக்கும் வேணும்.

பரிமளா: என்னங்கய்யா நீங்க. "அன்பு மகளுக்கு அப்பா, அம்மா"ன்னு போடவா?

அழகம்மாள்: வேணாம் வேணாம்.

பரிமளா: வெறும் பேரு?

ராக்கன்: ராக்கன், அழகம்மாள்னு சின்னதா, அடியில வெட்டு. அடுப்புல வச்சா கரி புடிக்குற எடமாப் பாத்து.

பரிமளா: தேதியும் போடணும். பத்திரிகை கையில இருக்கா?

அழகம்மாள்: தேதி வேணா வாயில சொல்றோமே...

பரிமளா: இந்தா, பைக்குள்ள நீட்டிக்கிட்டுத்தானே இருக்கு. எடுங்க... ம், "தங்கள் நல்வரவை விரும்பும் கோ. சுடர்விழி." அம்புட்டுத்தானா? மாப்பிள்ளை பேரு இல்ல. ஒங்க ரெண்டு பேரு பேரும் இல்ல.

ராக்கன்: சின்னப் பத்திரிகை தாயி. எடம் பத்தல.

பரிமளா: பாதிக் காயிதம் சும்மா கெடக்குதே. அதுபோகட்டும், "கோ" எப்படி வந்துச்சு? ஒங்க பேரு ராக்கன்தானே?

ராக்கன்: அது... ஊரு பேரு.

பரிமளா: எந்த ஊரு?

ராக்கன்: ...யோசிச்சுச் சொல்றேன்.

அழகம்மாள்: விடுங்க. பொய்யி கூட ஒழுங்கா வரல ஒங்களுக்கு.

பரிமளா: அம்மா, நான் ஒண்ணும் தப்பா நெனைக்கல. இருவது வருசமா இந்த மிஷின்ல பேரு வெட்டுறேன், பெத்தவங்க பேர ஒளிச்சு வெட்டச் சொல்லி யாரும் கேட்டதில்ல. நெசத்தச் சொல்லுங்க. அந்தப் புள்ளைக்கு நீங்க யாரு?

ராக்கன்: நாங்க பெத்தது சிங்கப்பூர்ல இருக்குற பயலத்தான் தாயி, அவ எங்க மருமகளா இருந்தவ. கோர்ட்டுல தீத்துவிட்ட அன்னைக்கு அவளுக்காக ஒரு வார்த்த சொல்ல அவளப் பெத்தவங்க வரல. நானும் அழகும்தான் கூண்டுல ஏறி, தப்பு எங்க மகன் மேலன்னு சொல்லி அவளக் கரையேத்திவிட்டோம். நாளைக்கும் அவங்க வரமாட்டாங்க, எங்கள விட்டா அவளுக்கு ஆளில்ல... அடியில வேணாம், எல்லாரும் பாக்குற மாதிரி நடு வயித்துல வெட்டு தாயி, "பொறந்த வீட்டுச் சீர்"னு.