உளுந்துச் செடி கிடந்த இடப்பக்கம்

மாரிசெல்வி, வயது 22, தகப்பனார் பெயர் சின்னச்சாமி, திருத்தங்கல் கீழத்தெருவில் குடியிருப்பவர், காவல் ஆய்வாளர் விசாரித்தபோது சொன்னதாவது:

நான் மேற்படி முகவரியில் அப்பா, அம்மா அய்யம்மாளுடன் வசித்து வருகிறேன். ஒரு பட்டாசுக் கம்பெனியில் அப்பா பெட்டி ஒட்டுகிறார், நான் லேபிள் ஒட்டுகிறேன். கம்பெனியின் சைக்கிள் டீமிலும் இருக்கிறேன். டீமை நடத்துவது சின்ன முதலாளி ஸ்ரீராம்குமார். ஜெயிக்க வேண்டியவர் அவர் தங்கை ரோஷினி. முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொள்வது என் வேலை, ரோஷினி பின்னால் நோகாமல் வருவார். அதில் எனக்கு வருத்தம் கிடையாது, நன்றாக மிதிப்பேன் என்றுதான் சேர்த்தார்கள்.

இந்தத் தை மாதப் பெண்கள் பந்தயம் முதலில் சாத்தூரிலிருந்து நாலுவழிச் சாலையில் விருதுநகர் வருவதாக இருந்தது. அகலமான அந்த ரோட்டில் எல்லோரும் கும்பலாக வந்து சேர்ந்தால் கடைசி ஓட்டத்தில் மதுரைப் பெண் பிரீத்தியை யாராலும் பிடிக்க முடியாது. பந்தயத்துக்குப் பணம் போட்டது எங்கள் கம்பெனி என்பதால் சின்ன முதலாளி பாதையை மல்லாங்கிணறு பக்கம் மாற்றினார். அங்கே இருபுறமும் வெறும் கரிசல், ஒதுங்க ஒரு மரம் இல்லை, காற்று வலப்பக்கமிருந்து அறையும். அப்போது காற்றுக்கு மறைய ஒருவருக்குப் பின் ஒருவர் சற்று இடப்பக்கம் தள்ளித் தள்ளித்தான் போக முடியும். முன்னால் போகிறவள் வலது ஓரத்தில் போனால் எல்லோருக்கும் இடம் இருக்கும். அவள் நடுரோட்டில் போனால் மூன்று பேருக்குத்தான் இடம், நாலாவது ஆள் இடது ஓரத்துக்குப் போயாக வேண்டும். எங்கள் டீமில் மூன்று பேர்.

அறுப்பு நேரத்தில் அந்தப் பக்கத்து ஜனங்கள் உளுந்துச் செடியை ரோட்டில் பரப்புவார்கள், வண்டிகள் ஏற ஏற மணி உதிரும். பந்தயத்துக்கு முந்தின நாள் நான் பாதை பார்க்கப் போனபோது செடி அத்தனையும் இடப்பக்கமே கிடந்தது. செடி புரட்டிக்கொண்டிருந்த பொன்னுத்தங்கம் என்பவரிடம், நாளைக்கு அள்ளிவிடுவீர்களா என்று கேட்டேன். "அள்ளிர்றோம்னுதான் சொன்னோம் தாயி. ஒங்க கம்பெனிக்காரகதான் அள்ள வேணாம், எல்லாத்தையும் இடது பக்கமா ஒதுக்கிப் போடுங்கன்னு சொல்லிட்டுப் போனாக" என்றார். நான் அதை யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் பந்தயத்தில் மல்லாங்கிணறு தாண்டியதும் நாங்கள் மூவரும் பிரீத்தியும் மட்டும் முன்னால் வந்துவிட்டோம். சின்ன முதலாளி சொல்லியிருந்தபடி நான் நடுரோட்டில் போனேன். அதன் பிறகு செடி கண்ணில் பட்டதும் பயந்து வலப்பக்கம் ஒதுங்கினேன். பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் வந்த சின்ன முதலாளி, "ஏ மாரி, அங்கன எங்க போற? நடுவுலயே இரு!" என்று கத்தினார். நான் திரும்ப நடுவுக்கு வந்தேன். அதன் பிறகு பின்னால் செடி நொறுங்கும் சத்தமும், இடது ஓரத்திலிருந்த சின்னப் பாலத்துச் சுவரில் சைக்கிள் மோதும் சத்தமும் கேட்டன. பிரீத்தி கத்தவே இல்லை. நான் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன், ரோஷினி போய் ஜெயித்தார். பிரீத்தியின் தலைக்கவசம் பிளந்து, முடியில் உளுந்து நெற்று ஒட்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் இன்னும் கண் விழிக்கவில்லை என்கிறார்கள்.

அன்று சாயங்காலம் சின்ன முதலாளி எங்கள் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன் எங்கள் தெருவுக்குள் அவர் வந்ததே கிடையாது. "போலீசு கேட்டா காத்து தள்ளிருச்சுன்னு சொல்லு, அம்புட்டுத்தான்" என்றார். அதன் பிறகு அப்பாவை நல்ல வேலைக்காரர் என்று புகழ்ந்து, அவரை மருந்து ரூமுக்கு மாற்றுவதாகவும், கூலி கூட வரும் என்றும் சொன்னார். மருந்து ரூம் என்பது வெடிமருந்து கலக்கும் இடம். அங்கே ஏன் கூலி அதிகம் என்பது எங்கள் தெரு வீடுகளில் மாலை போட்டு மாட்டியிருக்கும் போட்டோக்களைப் பார்த்தால் தெரியும். அம்மா கும்பிட்டு, "கூடக் கூலி வேணாம்ங்க மொதலாளி, அவரு பெட்டி ஒட்டுற எடத்துலயே இருக்கட்டும்" என்றார். சின்ன முதலாளி சிரித்தார். "மாரி ஸ்டேஷனுக்குப் போயிட்டு வரட்டும். நல்லபடியா சொல்லிட்டு வந்தா பழைய எடத்துக்கே மாத்திக்கிருவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

காற்று பிரீத்தியைத் தள்ளவில்லை. நான்தான் அவளுக்கு ரோடு விடவில்லை. விடக்கூடாது என்றுதான் எனக்கு உத்தரவு.

அப்பா இன்று காலையிலிருந்து மருந்து ரூமில் இருக்கிறார். சாயங்காலம் கம்பெனி வேன் அவரைத் தெருமுனையில் இறக்கிவிடும். அவர் இறங்கும்வரை நான் சொன்னதை இங்கிருந்து யாரும் கம்பெனிக்குப் போன் செய்து சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மேலே எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொல்லாத 'காற்றின் வேகத்தால்' என்ற வார்த்தைகளை அடிக்கச் சொன்னேன். அடித்த பிறகு, மீதி அத்தனையும் உண்மை என்று கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) சி. மாரிசெல்வி