பரணியின் பெயரில் ஒரு கம்பெனி

எங்கள் கல்லூரி கேன்டீனில் சத்தமாகச் சிரிப்பவர்கள் தமிழ் இலக்கியம் படிக்கும் பிள்ளைகள்தான். வணிகவியல் மாணவர்கள் அப்படிச் சிரிப்பதில்லை. அவர்களில் பலருடைய அப்பாவோ மாமாவோ பனியன் கம்பெனி வைத்திருப்பார். படிப்பு முடிந்ததும் எந்த நாற்காலியில் உட்காரப் போகிறோம் என்று அவர்களுக்கு முன்பே தெரியும். தமிழும் வரலாறும் வேதியியலும் படிக்க வருகிறவர்களின் வீடுகளில் அந்த நாற்காலி கிடையாது. மேலாண்மைத் துறைப் பேராசிரியராக இதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதனால்தான் அந்தப் படிப்பை உருவாக்கினேன். நீங்கள் கேட்பதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது, ஐயா.

தொழில்முனைவோர் சான்றிதழ். வணிகம் படிக்காத எந்தத் துறை மாணவரும் சேரலாம். பல்கலைக்கழகத்தில் அதைப் பலமுறை திருப்பி அனுப்பினார்கள். கவிதை படிக்கிற பெண்ணுக்கு ஏற்றுமதி எதற்கு என்று ஒருவர் கேட்டார். நான் கோபப்படவில்லை. திருத்தித் திருத்திக் கொடுத்தேன். கடைசியில் ஒரு வருடத்துக்கு மட்டும் அனுமதித்தார்கள். வருட முடிவில் குழு ஒன்று நேரில் வரும், அதற்குத் திருப்தி என்றால் எல்லாக் கல்லூரிகளிலும் தொடங்கலாம் என்றார்கள்.

என் பாடத்திட்டத்தில் எழுத்துத் தேர்வு இல்லை. உண்மையான ஒரு தொழிலை நடத்திக் காட்ட வேண்டும். அதற்கு இடம் கொடுத்தவர் ஈஸ்வரமூர்த்தி, என்னோடு பள்ளியில் படித்தவர். ஊத்துக்குளி சாலையில் அவருடைய சாயப்பட்டறை ஒன்று மூடிக் கிடந்தது. வாடகை வேண்டாம், வாசலில் தன் அப்பாவின் பெயர் இருந்தால் போதும் என்றார். பட்டறைக்குப் பின்னால், தரைக்கு அடியில், ஒரு கழிவுநீர்த் தொட்டி. அதில் பழைய சாயச் சகதி கிடக்கிறது, யாரும் உள்ளே இறங்கிவிடக் கூடாது என்று சாவியைக் கொடுக்கும்போது சொன்னார். அதை நான் மாணவர்களிடம் சொல்லவில்லை. தொடங்கும்போதே பயமுறுத்தக் கூடாது என்று நினைத்தேன்.

பரணி வேதியியல் கடைசி வருடம். அப்பா இல்லை. அம்மா மாரக்காள் ஒரு பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறார். வேல்விழி தமிழ் இலக்கியம், கணியூரிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருந்தாள். கம்பெனிகள் கழிக்கும் வெட்டுத்துணியை வாங்கிச் சாயமேற்றி, முறுக்கிப் பின்னி, கால்மிதி செய்தார்கள் இருவரும். சாயம் அவன் பொறுப்பு. ஒவ்வொரு நிறத்துக்கும் பெயர் வைப்பது அவள் வேலை. ‘மழைக்கு முந்தின வானம்’ என்று ஒரு சாம்பல் நிறத்துக்குப் பெயர் வைத்தாள். அது கோயம்புத்தூர்க் கடைகளில் நன்றாகப் போனது. எனக்குப் பெருமையாக இருந்தது. இன்றும் இருக்கிறது.

உரிமம் பரணியின் பெயரில். வேல்விழி பங்குதாரர். என் பெயரோ கல்லூரியின் பெயரோ எங்கும் வராமல் பார்த்துக்கொண்டேன். முதலாளி என்றால் தன் பெயரில் நிற்க வேண்டும் என்று வகுப்பில் விளக்கினேன். பெயர்ப்பலகை மாட்டிய அன்று மாரக்காள் பூ வாங்கி வந்தார். மகனுடைய பெயரை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

குழு வருவதற்கு முந்தைய நாள், தொட்டிக்குள் விழும் குழாயின் வாய் சகதியில் அடைத்து, தண்ணீர் எதிர்த்துக்கொண்டு பட்டறைக்குள் வந்தது. முட்டை அழுகிய நாற்றம். பரணி மூடியைக் கொஞ்சம் நகர்த்திப் பார்த்தான், உடனே பின்னால் வந்துவிட்டான்.

“சார், இது வெசவாயுங்க. நாத்தம் வர்ற வரைக்கும் பரவாயில்லீங்க. நாத்தம் திடீர்னு நின்னு போச்சுன்னா மூக்கு செத்துப் போச்சுன்னு அர்த்தம். ஆள எறக்கவே கூடாதுங்க. லாரி வெச்சுத்தான் உறியோணும்.”

அவன் சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது. புரியவில்லை என்று நான் எங்கும் சொல்லப் போவதில்லை. லாரிக்காரர்களிடம் கேட்டோம். எல்லோரும் இரண்டு நாள் ஆகும் என்றார்கள். ஊத்துக்குளியில் தெரிந்தவர் இருக்கிறார், நேரில் போய்க் கெஞ்சிப் பார்க்கிறேன் என்று பரணி வண்டியை எடுத்துக்கொண்டு போனான். நான் சரி என்றேன்.

அவன் போன பிறகு லிங்கசாமியைக் கூப்பிட்டேன். பட்டறையின் காவலாள். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். அடைப்பை ஒரு கம்பியால் குத்திவிட்டால் போதும் என்றேன். ஏணியை இறக்கியபோது அவர் சொன்னார்:

“சார் இப்பம் நாத்தமே இல்ல. லேசாத்தான் இருக்கு. நான் பாத்துக்கிடுதேன்.”

நான் இறங்கச் சொன்னேன்.

ஏணியின் பாதியிலேயே அவர் கை விட்டுவிட்டது. சத்தம் எதுவும் போடவில்லை. வேல்விழி உள்ளிருந்து ஓடி வந்தாள். அதே சமயம் பரணியும் திரும்பினான், லாரி கிடைக்காமல். நடந்ததைக் கேட்டான். ஈரத்துணியை முகத்தில் கட்டினான், இடுப்பில் கயிற்றைக் கட்டி முனையை வேல்விழியின் கையில் கொடுத்தான். அந்தத் துணியால் பயனில்லை என்று எங்கள் மூவரில் அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். என்ன செய்ய, கம்பெனி அவன் பெயரில் இருந்தது. பொறுப்பேற்பது என்று ஒரு பாடம் நடத்தியிருந்தேன். அதை அவன் மட்டும்தான் முழுதாகப் புரிந்துகொண்டான்.

அவன் இறங்கியதும் கயிறு கனத்தது. அவளால் இழுக்க முடியவில்லை, விடவும் முடியவில்லை. அவளுடைய போன் உள்ளே பின்னல் மேசையில் இருந்தது.

“சார், பயர் சர்வீஸக் கூப்புடுங்க சார்.”

நான் போனை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்தேன். கூப்பிட்டது ஈஸ்வரமூர்த்தியை. தீயணைப்பு வண்டி வந்தால் போலீஸ் வரும், பட்டறைக்குச் சீல் வைப்பார்கள், நாளைக்குக் குழு வந்து பூட்டைத்தான் பார்க்கும் என்றேன். அவர் தன் ஆட்களை ஏணியோடு அனுப்புவதாகச் சொன்னார். திரும்பி வந்தேன்.

“கூப்ட்டுட்டேன் கண்ணு. வந்துட்டே இருக்காங்க. நீ கயித்த மட்டும் விட்ராத.”

அவள் தலையாட்டினாள். நான் சொன்னதை நம்பினாள். அப்போது தொட்டிக்குள்ளிருந்து இருமல் கேட்டது. பரணியின் இருமல். கொஞ்ச நேரம் கேட்டது. தீயணைப்பு நிலையம் அந்தச் சாலையிலேயே இருக்கிறது என்பது எனக்குத் தெரியும், தினமும் அதைத் தாண்டித்தான் போவேன். இருமல் நின்ற பிறகும் அவள் கயிற்றை விடவில்லை. ஈஸ்வரமூர்த்தியின் ஆட்கள் வந்து அவள் விரல்களைப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆபத்தை உணராமல் மாணவர்கள் தாங்களாகவே ஆளை இறக்கினார்கள் என்று எழுதிக் கொடுத்தேன். உரிமத்தில் இருந்த பெயர்களில் உயிரோடு இருப்பது வேல்விழி மட்டும்தான், அதனால் அவளைக் கைது செய்தீர்கள். அவள் எதையும் மறுக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். கேட்டதற்கெல்லாம், “நான் இழுத்திருக்கோணுங்க” என்று மட்டும் சொன்னாளாம்.

மாரக்காள் வீட்டுக்கும் போனேன். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “எம் பையன மொதலாளியாக்கிப் பாத்தீங்களே சாமி” என்றார். அதை நான் மறுக்கவில்லை. அது உண்மைதானே.

படிப்பை நிறுத்தப் போவதாகச் சொல்கிறார்கள். அது தவறு, ஐயா. ஒரு விபத்துக்காக எத்தனை பிள்ளைகளின் வழியை அடைப்பது? பரணிக்குச் சான்றிதழ் வழங்கும்படி நான் பரிந்துரைத்திருக்கிறேன், உயர் தகுதியோடு.

லிங்கசாமியை இறக்கியது நான். தீயணைப்பைக் கூப்பிடாதது நான். கூப்பிட்டதாக அந்தப் பெண்ணிடம் பொய் சொன்னதும் நான்தான். பரணி உள்ளே உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்துதான் சொன்னேன். யாரும் கூப்பிடாமல் நானாகவே நடந்து வந்து இதைச் சொல்கிறேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வேல்விழி நேற்றுத்தான் முதன்முறையாக நடந்ததைச் சொல்ல வாய் திறந்தாள், நாளைக்கு நீதிபதி முன்னால் எல்லாவற்றையும் சொல்லப் போகிறாள் என்று அவளுடைய வக்கீல் சொன்னார். அதற்கும் நான் இன்று வந்ததற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.