பஸ்ஸில்தான் சொல்ல முடிந்தது

வாகட் போகும் பஸ்ஸில் என் முன் இருக்கையில் ஒரு கணவன், மனைவி. சுற்றிலும் மராத்திக்காரர்கள் என்ற தைரியத்தில் குரலைத் தணிக்காமல் தமிழில் பேசினார்கள்.

"உங்களுக்கு எச்.ஐ.வி.ன்னு தெரிஞ்சப்பகூட நான் இவ்வளவு அழுவலீங்க. ஆறு மாசமா எம்பக்கம் திரும்பிப் படுக்கறதில்ல. என்னயப் புடிக்காமப் போச்சோன்னு நெனச்சேன்."

"அய்யோ, அப்படியில்ல கண்ணு. ரத்தத்துல டெஸ்டோஸ்டிரோன் கொறஞ்சிருக்குதாம். எச்.ஐ.வி. இருக்கற ஆம்பளைங்க நெறையப் பேருக்கு வருமாம். வைத்தியம் இருக்குன்னு டாக்டர் சொன்னாரு."

"இத வீட்லயே சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"அம்மா காதுல விழுந்துரும். இங்கதான் யாருக்கும் புரியாது."

அவள் அவன் தோளில் சாய்ந்துகொண்டாள்.

அப்போது என் போன் அடித்தது. கோயம்புத்தூரிலிருந்து அம்மா. எடுத்து, அப்புறம் கூப்பிடுகிறேன் என்று இந்தியில் சொன்னேன்.

அம்மாவுக்கு இந்தி ஒரு வார்த்தைகூடத் தெரியாது.