மடங்கும் முட்டி

— தொண்ணூத்தி ரெண்டு.

— சரியா பாரும்மா. ஸ்பீடு கன்னை ஆட்டாம புடிச்சியா?

— நான் ஏன்டி ஆட்டப்போறேன்? நாள் பூரா தையல் மிஷின்ல துணியை நேரா ஓட்டுற கை இது. அது தொண்ணூத்தி ரெண்டுன்னா தொண்ணூத்தி ரெண்டுதான்.

— அப்பா, பந்தைப் புடிச்சவர் நீங்க. நீங்க சொல்லுங்க. வேகமா வரலையா?

— வந்துச்சு ராசாத்தி. எங்க குடோனுக்குப் பின்னாடி இவ்வளவு வேகமா எதுவும் போய் நான் பார்த்ததில்ல. அஞ்சு மணிக்கு மேனேஜர் வீட்டுக்குக் கிளம்புறதைத் தவிர.

— விளையாடாதீங்கப்பா. சனிக்கிழமை செலக்‌ஷன். மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தொட்டாதான் பேஸ்பால் டீம்ல பந்து எறியற பிட்சர்னு கோச் கறாரா சொல்லிட்டாரு. இல்லன்னா வருஷம் முழுக்க ஓரமா உட்கார்ந்து கை தட்ட வேண்டியதுதான். கன்னை வேற இன்னைக்கே அவர்கிட்ட திருப்பிக் கொடுக்கணும்.

— அப்ப கைக்கு இன்னும் வலு கொடு. தோளை இறுக்கி ஒரே வீச்சு. நான் லாரில மூட்டை எறியறேன் பாரு, அந்த மாதிரி.

— அதுதாம்ப்பா தப்பு. கையை இறுக்கினா வேகம் செத்துடும். கால்லேர்ந்து வரணும். நீளமா எட்டு வெச்சு, முதல்ல இடுப்பு திரும்பணும், அப்புறம் தோள். கை சாட்டை நுனி மாதிரி கடைசியில சொடுக்கணும்.

— இவ்வளவு தெரிஞ்சவ ஏன்டி தொண்ணூத்தி ரெண்டுலயே நிக்கிற?

— அம்மா!

— கோவம் மட்டும் நூத்திப் பத்துல வருது.

— விடு, புள்ளையைச் சீண்டாத. நீ போடு ராசாத்தி.

— எட்டை இன்னும் நீட்டி வைக்கிறேன். இந்தாங்கப்பா… எவ்வளவும்மா?

— தொண்ணூத்தி மூணு.

— இப்ப இடது கையை வெளியே விசிறாம நெஞ்சோட இழுத்துக்கறேன். இந்தாங்க… இப்ப?

— தொண்ணூத்தி ரெண்டு.

— போச்சு. எனக்கு இவ்வளவுதான் போல.

— மூஞ்சியைத் தூக்காத. இங்க வா. டிரம் மேல போனைச் சாத்தி வெச்சு எல்லாத்தையும் படம் எடுத்திருக்கேன். நேத்து நீ தனியா செவுத்துல பழைய மெத்தையைச் சாத்தி வெச்சுப் போட்டியே, அதுவும் இருக்கு. மெதுவா ஓட்டிப் பாரு. இது மெத்தைக்குப் போட்டது. முன்னங்கால் தரையில பட்டதும் முட்டி என்ன பண்ணுது?

— நிமிருது.

— பஸ்காரன் சடார்னு பிரேக் போட்டா நாம முன்னாடி போய் விழறோம்ல? அந்த மாதிரி கால் நிக்குது, கை பறக்குது. இப்ப இதைப் பாரு. இது அப்பாவுக்குப் போட்டது.

— மடங்குது.

— மெத்துன்னு மடங்குது. வேகம் பூரா அங்கயே அமுங்கிப் போகுது. அதே காலு, அதே ஷூ.

— தரை வழுக்குதோ என்னவோ. நாளைக்குக் கழுவி விடச் சொல்றேன்.

— தரையும் அதேதாங்க. முதல்ல அந்தக் கிளவுஸைக் கழட்டி, கட்டைவிரலைக் காட்டுங்க.

— எந்த விரல்?

— நகம் கருத்துப் போயிருக்கே, அது.

— லாரிக் கதவுல நசுங்கினதுன்னு அன்னைக்கே சொன்னேனே.

— பொய் சொல்லாதீங்கப்பா. என் பந்துதான் பட்டுச்சு. நீங்க அந்தப் பக்கம் திரும்பி நின்னு கையை உதறினதைப் பார்த்தேன். மறுநாள் அம்மாதான் உங்களுக்குச் சட்டை பட்டன் போட்டு விட்டாங்க.

— அதனால?

— அதனால ஒண்ணுமில்லம்மா. நான் முழு பலத்தோடதான் போடறேன்.

— நீ போடற. உன் முட்டி போடலையே.

— …வேணும்னு பண்ணலப்பா. சத்தியமா எனக்கே தெரியாது.

— அட, இதுக்கெல்லாம் கண் கலங்குவாங்களா? இந்த விரல் இன்னைக்கும் மூட்டை தூக்கிட்டுத்தான் வந்திருக்கு. அப்பாவை மறந்துட்டு ஒண்ணு போடு பார்ப்போம்.

— சரி. மறந்துட்டேன். இந்தாங்க… எவ்வளவு?

— தொண்ணூறு.

— ஐயையோ, இறங்கிடுச்சே!

— நீங்க ரெண்டு பேரும் இப்படியே பாசத்தைப் பொழிஞ்சுக்கிட்டு இருந்தா சனிக்கிழமை முடிஞ்சு போயிடும். எந்திரிங்க. கன்னை நீங்க புடிங்க. கிளவுஸ் இங்க வரட்டும். வேர்க்குதுன்னு ஓரமா போட்டு வெச்சிருக்கீங்களே, அந்த மாஸ்க்கும் பேடும் வரட்டும்.

— நீயா புடிக்கப்போற?

— பள்ளிக்கூடத்துல நான் கோல் கீப்பர்.

— இதை நூறு தடவை சொல்லியாச்சும்மா.

— சொன்னேன். இப்ப காட்டறேன். என் மேல உனக்கு அவ்வளவு பாசம் கிடையாது, அதனால பயமில்ல. ஆமா, உன் நீலச் சட்டை ஒண்ணு இருந்துச்சே?

— இருந்துச்சா? அதுக்கென்ன?

— காலையில குப்பை வண்டியில போட்டுட்டேன்.

— என் ராசி சட்டையையா? சனிக்கிழமைக்குன்னு எடுத்து வெச்சிருந்தேன்!

— கை இடுக்குல கிழிஞ்சு தொங்கிச்சு.

— யாரைக் கேட்டுப் போட்ட? எப்பப் பாரு என் சாமான்ல கை வைக்கறதே வேலை!

— வாய் எதுக்கு, கையிலதான் பந்து இருக்கே. நான் குந்தியாச்சு.

— அம்மா, நிஜமாவே கோவத்துல இருக்கேன். தள்ளிடு.

— தள்ள மாட்டேன். போடு.

— இந்தா!

— யம்மாடி! என்ன சத்தம்! வாட்ச்மேன் எட்டிப் பார்க்கறான்!

— சத்தம் கிடக்கட்டும்ங்க, நம்பரைச் சொல்லுங்க.

— நூத்தி… நூத்தி மூணு! முட்டி கம்பியாட்டம் நின்னுச்சு ராசாத்தி!

— நூத்தி மூணா? காட்டுங்கப்பா! …அம்மா, கை வலிக்குதா?

— வலிக்காம இருக்குமா? ஆனா பந்து உள்ளதான் இருக்கு. இன்னொண்ணு போடு.

— வேண்டாம்மா. கோவம் போயிடுச்சு.

— கோவத்துல யாரு வேணா எறிவாங்க. சனிக்கிழமை எதிர்ல குந்தப்போற பொண்ணு உன் சட்டையைத் தூக்கிப் போட்டவளா? அவளுக்கும் முட்டியை நிமித்திப் போடணும்ல? என் மூஞ்சியைப் பார்க்காத. கிளவுஸைப் பாரு.

— கிளவுஸைப் பார்க்கறேன். கால்… இடுப்பு… இந்தாம்மா.

— நூத்தி ஒண்ணு! அடி என் தங்கமே!

— கோவமே இல்லாமப்பா! கோவமே இல்லாம வந்துச்சு! …போகட்டும், சட்டைதான் போச்சு.

— எங்கடி போச்சு? அலமாரியில மேல் தட்டுல இருக்கு. நேத்தே கிழிசலைத் தைச்சு இஸ்திரி போட்டு வெச்சிட்டேன்.