செவ்வாய்க்கிழமை மூச்சு

— எழுபத்திரண்டாம்மா? இன்னொரு தடவை பார்த்துச் சொல்லுங்க.

— எழுபத்திரண்டேதான் டாக்டர். ஊதுற கருவியிலேர்ந்து அதுவாவே உங்களுக்கு வந்திருக்குமே.

— வந்திருக்கு. அதனாலதான் வீடியோவுல கூப்பிட்டேன். போன மாசம் மூச்சு அளவு அறுபத்தொண்ணு சதவீதம். அதுக்கு முந்தின மாசம் ஐம்பத்தஞ்சு.

— நல்லதுதானே? ஏறிக்கிட்டே வருது.

— மோட்டார் நியூரான் நோயில மூச்சு இறங்கும், சில நாள் அப்படியே நிக்கும். இப்படி ஏறாதும்மா. வீட்டுக்காரர் எங்க?

— ஜன்னல் பக்கம் சாய்வு நாற்காலியில. கண் அசந்துட்டார். கொஞ்சம் மெதுவா பேசுங்க.

— காலைல தலைவலின்னு சொல்றாரா?

— அதை ஏன் கேக்கறீங்க. கண்ணால எழுதுற இதே டேப்லெட்ல, எழுந்ததும் முதல் வேலை அதுதான். லிஃப்ட் மெக்கானிக் புத்தி போகுமா? 'மேல்மாடியில ஃபியூஸ் போச்சு'ன்னு எழுதுறார். கை கால் போனாலும் கிண்டல் போகல.

— ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. வாராவாரம் செவ்வாய்க்கிழமை அந்தக் கருவியை ஊதுறது யாரு?

— பாதிதான் ஊதினேன் டாக்டர். சத்தியமா. முழுசா ஊதினா தொண்ணூறைத் தாண்டிடுதுன்னு பாதியிலயே நிறுத்திக்குவேன். தினம் நாலு மாடி ஏறி இறங்குற உடம்பு, பாதியே இவ்வளவு வருது.

— ஏம்மா இப்படி?

— ஐம்பதுக்குக் கீழ போனா மூச்சு மிஷின்னு நீங்கதானே சொன்னீங்க. உங்க கிளினிக்ல எங்க பக்கத்துல உக்காந்திருந்த வாத்தியாருக்கும் அப்படித்தான் சொன்னாங்க. ஆஸ்பத்திரிக்குப் போனவர் வீடு திரும்பவே இல்ல. இவரோ கடைசிவரைக்கும் வீட்லதான்னு எங்கிட்ட வாக்கு வாங்கியிருக்கார்.

— அந்த வாத்தியார் கதை வேற. இந்த மிஷின் வீட்டுக்கே வரும்மா. ராத்திரி மூக்குல மாட்டிக்கிட்டுத் தூங்கணும், அவ்வளவுதான். எப்படி மாட்டுறதுன்னு இங்கேருந்தே வீடியோவுல சொல்லித் தருவோம். மூணு மாசம் முன்னாடியே வந்திருக்க வேண்டியது.

— அப்போ அந்தத் தலைவலி...

— ராத்திரி மூச்சு பத்தாததாலதான்.

— ஐயோ. நான்தான் அவரைப் படுத்தியிருக்கேன்.

— தப்புதான். இன்னைக்கே சரி பண்ணிடலாம். அவரை எழுப்புங்க, என் கண்ணு முன்னாடி அவரே ஊதட்டும்.

— நான் ஊதினது அவருக்குத் தெரியாது டாக்டர். அவர் தூங்குறப்பதான் ஊதுவேன். தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க. அப்புறம் நான் அவர் மூஞ்சியில எப்படி முழிப்பேன்?

— சொல்லல. நம்பரைப் பார்த்தேன், சந்தேகம் வந்துச்சு, கேட்டேன். அதோட முடிஞ்சுது. டேப்லெட்டை அவர் முன்னாடி ஸ்டாண்டுல மாட்டிட்டு, ஊதுற குழாயைக் கழுவிக் கொண்டு வாங்க.

— இதோ. என்னங்க, எழுந்திருங்க, டாக்டர் லைன்ல இருக்காங்க. நான் சமையல்கட்டுக்குப் போயிட்டு வந்துடறேன்.

— வணக்கம் சார். போயிட்டாங்க. டேப்லெட் குரல் வேண்டாம், கண்ணால எழுதுங்க. நான் படிச்சுக்கறேன்.

— தூங்கல.

— தெரியும். எத்தனை செவ்வாய்க்கிழமை இப்படிக் கண்ணை மூடிக்கிட்டு இருந்தீங்க?

— பதிமூணு. வாக்கு வாங்கினது நான். அவ மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஊதுறப்ப கண்ணைத் திறக்க மனசு வரல.

— தண்ணிச் சத்தம் நின்னுடுச்சு சார். வந்துடுவாங்க. வேற ஏதாவது?

— நேத்து நான் உங்களுக்கு அனுப்பின மெசேஜை அழிச்சிடுங்க. நீங்களே கண்டுபிடிச்சதா இருக்கட்டும்.