ரேடியோவில் வந்த மூன்றாவது பாகம்

— நனைஞ்ச கோட்டைக் கழட்டிட்டுத் திட்டு, மேனஸ் அண்ணே. தரையெல்லாம் சொட்டுது.

— நான் உக்கார வரல ரோஷா. உன் புருஷனை ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போறேன். எங்க அவன்?

— இங்கதான் இருக்கேன் மச்சான். ரொட்டி இப்பதான் அடுப்புலேர்ந்து வந்துச்சு. வெண்ணெய் தடவிச் சாப்பிட்டுக்கிட்டே கேளு.

— உன் ரொட்டியை நீயே தின்னு ஃபீலிம். காலையில கில்லிபெக்ஸ் துறையில மீன் இறக்கிட்டு இருக்கேன். ஐஸ் அள்ளிப் போடற பய ஒருத்தன் சீட்டி அடிக்கறான். என்ன மெட்டு தெரியுமா? எங்க அப்பா மெட்டு. கையில இருந்த பெட்டி அப்படியே நழுவிப்போச்சு. எங்கடா பிடிச்சேன்னு கேட்டா, நேத்து ரேடியோல டொனிகால்காரர் ஒருத்தர் பிடில்ல வாசிச்சாருங்கறான். ஒரே தடவை கேட்டானாம், ஒட்டிக்கிச்சாம்.

— ஒட்டிக்கிற மாதிரி வாசிச்சிருக்கேன்னு அர்த்தம், இல்லையா?

— இளிக்காதே மாப்ளே. நான் சிரிக்கற நிலைமையில இல்ல. மத்தியானம் மறுபடியும் போட்டாங்க. கடையில நின்னு முழுசாக் கேட்டேன். அந்த மெட்டு இந்த வீட்டுப் படி தாண்டக்கூடாதுன்னு அப்பா சொன்னாரா இல்லையா? வேற பிடில்காரன் வாசல்ல வந்து நின்னாலே வில்லைக் கீழ வச்சுட்டு மழையைப் பத்திப் பேச ஆரம்பிச்சிருவார். உன்னை நம்பித்தானே சொல்லிக் குடுத்தார்? மேனஸ் கீழ்ஸ்தாயி, நீ மேல்ஸ்தாயி, இந்த அடுப்படி, அவ்வளவுதான்னு உன் கையைப் பிடிச்சுச் சொன்னார்ல?

— மறுக்கல மச்சான். ரேடியோக்காரங்க திடுதிப்புன்னு ஒலிப்பதிவு வண்டியோட வர்றோம்னு சொல்லி அனுப்பிட்டாங்க. யாரும் கேக்காத மெட்டு வேணும்னாங்க. நீயோ கடல்ல இருந்தே. என்கிட்ட வேற என்ன இருக்கு, சொல்லு.

— அதனால அடிமடியிலயே கை வச்சுட்டே. சரி, அதையாவது நம்ம மாதிரி வாசிச்சியா? நம்ம பக்கம் ஒரு சுரத்துக்கு வில்லால ஒரு வெட்டு. நறுக்குன்னு இருக்கணும். நீ தெக்கத்தி ஸ்லைகோக்காரன் மாதிரி ஒரே இழுப்புல நாலு சுரத்தைக் கோத்து, நடுநடுவுல குழைஞ்சு... எனக்குக் கடையில நிக்கவே கூசுச்சு.

— இப்ப ஸ்லைகோ வாசிப்புதான் எடுபடுது மச்சான். நம்ம வெட்டைக் கேட்டா டப்ளின்காரன், இது ஸ்காட்லாந்துச் சரக்குங்கறான். ரெண்டு இடத்துல கொஞ்சம் குழைச்சேன். அது ஒரு குத்தமா?

— டீயை எடுத்துக்க அண்ணே. ஃபீலிம், அவர் கேக்கறதுக்கு நேராப் பதில் சொல்லு.

— நீ நியாயமான ஆளு ரோஷா, நீயே சொல்லு. கல்யாணம், கச்சேரின்னு எத்தனை வருஷமா இவனுக்குக் கீழ உக்காந்து வாசிச்சிருக்கேன்? இவன் சத்தம் மேல போகணும்னு நான் அடியில கிடந்தேன். ரேடியோன்னதும் தனியா நின்னுட்டான். என் பேரு ஒரு தடவையாவது வந்துச்சா?

— வரல. நானும் காதைத் தீட்டிக்கிட்டுத்தான் இருந்தேன்.

— கேட்டியா மாப்ளே? உன் பொண்டாட்டியே சொல்றா. சனிக்கிழமை ஆர்டரா ஊர்க் கல்யாணத்துக்கு வேற ஆளைப் பாத்துக்க. இனிமே உன் வில்லுக்குப் பக்கத்துல என் வில்லு வராது.

— பெரிய வார்த்தை எல்லாம் பேசாதே மச்சான். ஒரே ஒரு மெட்டு.

— ஒரு மெட்டா? அதையும் விட்டு வச்சியா? அப்பா மெட்டுக்கு ரெண்டு பாகம்தான். மூணாவதா ஒண்ணு வாசிச்சியே, அது எங்கேர்ந்து வந்துச்சு?

— அது... தானா வந்துச்சு.

— தானா வர்றதுக்கு அது என்ன தும்மலா? ரேடியோல நீ சொன்னதைக் கேட்டேன். மெட்டு மாமனாரோடது, கடைசிப் பாகம் நான் கட்டினதுன்னே. எங்க அப்பா வீட்டுக்கு நீ மாடி கட்டுறியா?

— ஆமா, கட்டினேன். இப்ப என்னங்கறே? நல்லாத்தானே இருந்துச்சு?

— நல்லா இருந்துச்சு. அதுதான் என் வயித்தெரிச்சல். இத்தனை வருஷம் வாசிச்சிருக்கேன், ரெண்டாவது பாகம் முடியறப்போ என்னவோ குறையுதேன்னு தோணும். இன்னைக்கு நீ வாசிச்சதைக் கேட்டதும் அந்தக் குறை போயிடுச்சு. அப்பாவுக்கே வராதது உனக்கு எப்படிடா வந்துச்சு?

— ஃபீலிம், இன்னொரு தடவை சொல்லு. கடைசிப் பாகம் யாரு கட்டினது?

— ரோஷா, உங்க அண்ணன் முன்னாடி வேண்டாம்.

— அண்ணன் முன்னாடிதான். ரேடியோ வண்டி வர்றதுக்கு முன்னாடி, இதே மேஜையில என்ன பேசினோம்? எனக்கு என்ன வாக்குக் குடுத்தே?

— மைக்கை நீட்டினதும் வாயில வரல. சத்தியமாச் சொல்றேன். பொண்டாட்டி கட்டினதுன்னு சொன்னா சிரிப்பாங்களோன்னு...

— இரு மாப்ளே. என்ன சொல்றான் இவன்? மூணாவது பாகம் நீ கட்டினதா ரோஷா?

— மூணும்.

— உளறாதே. அது அப்பா மெட்டு.

— என் கல்யாணத்துக்கு முன்னாடி, கொட்டில்ல பால் கறந்துக்கிட்டே வாயால கட்டினேன். அந்தச் செவலைப் பசு காதுல ஏதாவது பாட்டு விழுந்தாத்தான் பால் விடும். ரெண்டு பாகம் எப்பவோ ஆயிடுச்சு. மூணாவது வந்த அன்னைக்கு, முதல் ரெண்டையும் பாடிட்டு அதைத் தொடங்கறதுக்குள்ள கதவுக்கு வெளிய அப்பா நிழலைப் பாத்தேன். கூச்சத்துல நிறுத்திட்டேன். அன்னைக்கு ராத்திரி அப்பா அடுப்பு முன்னாடி பிடிலை எடுத்து, புதுசா ஒண்ணு கட்டியிருக்கேன் கேளுங்கன்னு அந்த ரெண்டையும் வாசிச்சார். அம்மா கை தட்டினாங்க.

— அப்பா அப்படிப்பட்ட மனுஷன் இல்ல.

— பின்ன எதுக்கு அண்ணே வெளிய வாசிக்கல? என்கூடப் பால் கறந்த பொண்ணுங்களுக்கு அது யாரு மெட்டுன்னு தெரியும். அவங்க காதுல விழக்கூடாது, அதுதான். நீங்க ரெண்டு பேரும் இங்க உக்காந்து வாசிக்கறப்போ எல்லாம் நான் பாத்திரம் கழுவிக்கிட்டு நிப்பேன். எனக்குப் பத்திக்கிட்டு வரும். நேத்து வேலையெல்லாம் போட்டுட்டு ரேடியோ முன்னாடி உக்காந்தேன், என் பேரு வரும்னு.

— மாப்ளே, இது நிஜமா?

— நிஜம்தான் மச்சான். மூணாவது பாகத்தை அவதான் எனக்குப் பாடிக் காட்டினா.

— அப்பா போய்ச் சேந்து இத்தனை காலம் ஆச்சு. இப்ப வந்து சொல்றியே ரோஷா. அன்னைக்கே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் விட்டிருப்பேனா? அண்ணன்னு ஒருத்தன் எதுக்கு இருக்கேன்? ஏன் சொல்லல?

— சொன்னேன் அண்ணே. அன்னைக்கு ராத்திரியே, முதல்ல உன்கிட்டதான் சொன்னேன். பால் கறக்கறவளுக்கு மெட்டு வருதாம்னு சிரிச்சுட்டு, அப்பா பக்கத்துல போய் உக்காந்து கீழ்ஸ்தாயி பிடிச்சே.