எல்லைக்கும் இல்லைக்கும் நடுவே கோடு கிழித்தவருக்கு

ஒன்றாம் வகுப்பின் உயிர்மூச்சே! ஓயாத குரலுக்கும் ஒடிந்த சாக்பீசுக்கும் உரிமையாளரே! முதல் நாள் முரண்டு பிடித்து அழுத பிள்ளைகளை முழு வாக்கியம் பேசவைத்த முத்தமிழ்ச் செல்வியே! தாழ்வாரத்தில் ஓடிய தலைமையாசிரியரையே தடுத்து நிறுத்திய தைரியமே! வணக்கம்.

முப்பத்தோராண்டுப் பணி முடித்து விடைபெறும் தங்களைக் கோபமே அறியாதவர் என்று எழுத நினைத்தோம். வகுப்பறைச் சுவரே சிரிக்கும் என்பதால் விட்டுவிட்டோம். ஆகவே, நாங்கள் கண்ணால் கண்ட ஒன்றையே இம்மடலில் எழுதுகிறோம்.

‘வாயாடி’ என்று நாம் செல்லப்பெயர் வைத்த தையல்காரர் மகளின் தாய், ராணுவத்தில் லாரி ஓட்டுபவர். அவர் எல்லைப் பணிக்குப் புறப்பட்டுப் போனார். அங்கே தொலைபேசி எட்டாது. சில நாட்களில் வாயாடியின் வாய் பூட்டிக்கொண்டது. குடும்பப் படம் வரையச் சொன்னால் தகப்பனையும் தையல் மிஷினையும் மட்டும் வரைந்தாள். “அம்மா பேச்சையே எடுக்காதீங்க டீச்சர், குழந்தைதானே, மறந்துடும்” என்று ஆளாளுக்கு அறிவுரை சொன்னோம். “மறக்கறதுக்கா அவங்க அம்மா வேலைக்குப் போயிருக்காங்க?” என்று ஒரே போடாகப் போட்டீர்கள்.

பிறகு அவளருகே தரையில் உட்கார்ந்து, அம்மா எங்கே என்று நேராகக் கேட்டீர்கள்.

“அம்மா இல்ல.”

“யாரு சொன்னா?”

“அப்பாதான். தினமும் சொல்றாரு. அம்மா இல்லையில இருக்காங்களாம்.”

எல்லை என்ற சொல்லையே அறியாத பிள்ளை, தனக்குத் தெரிந்த சொல்லாக அதைக் கேட்டிருக்கிறாள். தகப்பன் ஆறுதலாகச் சொன்னதெல்லாம் அவள் தலையில் இடியாக இறங்கியிருக்கிறது. நாங்களாக இருந்தால் கன்னத்தைக் கிள்ளி மிட்டாய் கொடுத்திருப்போம். தாங்களோ வகுப்பறையின் குறுக்கே நீளமாக ஒரு கோடு கிழித்தீர்கள்.

“இதுக்குப் பேருதான் எல்லை. இந்தப் பக்கம் நம்ம நாடு, அந்தப் பக்கம் வேற நாடு. இங்க காவல் நிக்கறவங்களுக்குச் சாப்பாடு, மருந்து எல்லாம் உங்கம்மா லாரியிலதான் வருது.”

“சண்டை வருமா?”

“வரலாம். வரக்கூடாதுன்னுதான் எல்லாரும் நிக்கறாங்க.”

“அம்மாவுக்கு அடிபடுமா?”

ஜன்னலோரம் நின்று நாங்களும் கேட்டுக்கொண்டிருந்தோம். “படாதுன்னு நான் சத்தியம் பண்ண முடியாதுடா கண்ணு. ஆனா இப்ப நல்லா இருக்காங்கன்னு உங்கம்மா ஆபீஸ்ல கேட்டுட்டு வந்துதான் சொல்றேன்” என்றீர்கள். அவள் எழுந்து அந்தக் கோட்டருகே போய் நின்றாள். “அப்ப லாரிக்கு ஹாரன் இருக்கா?” என்று கேட்டாள். பூட்டிய வாய் திறந்தது. அன்று மாலை வரை எங்களால் அதை மூட முடியவில்லை!

பருவத் தேர்வு முடிந்த வாரம், புழுதி படிந்த சீருடையோடு அந்தத் தாய் வகுப்பு வாசலில் வந்து நின்றார். மகள் தன்னை அடையாளம் கண்டுகொள்வாளோ மாட்டாளோ என்று உள்ளே வரத் தயங்கினார். வாயாடி பெஞ்சின் மேலேறி நின்றாள். “இருக்காங்க! எங்கம்மா இருக்காங்க!” என்று கத்தினாள். வகுப்பே எழுந்து கத்தியது. பக்கத்து வகுப்பும் காரணம் தெரியாமலே கத்தியது. என்னவோ ஏதோவென்று ஓடிவந்த தலைமையாசிரியர், கதவைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விட்டார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த கரும்பலகையைத் தாங்கள் துடைத்துக்கொண்டே இருந்தீர்கள்.

வாய்மையின் வடிவமே! நாளைக் காலை நம் பிள்ளைகள், டீச்சர் எங்கே என்று கேட்பார்கள். மழுப்ப மாட்டோம். “டீச்சர் ரிட்டயர் ஆயிட்டாங்க, இனி பாடம் எடுக்க வரமாட்டாங்க, ஆனா வீட்டுல நல்லா இருக்காங்க” என்று உள்ளதை உள்ளபடி சொல்வோம். அடுத்த ஆண்டும் அதையே சொல்வோம். அதற்கடுத்த ஆண்டும் சொல்வோம். தங்களிடம் பழகியதால் எங்களுக்குப் பொய் சொல்ல வராது. ஆகையால் நெடுங்காலம் நலமாக இருந்து, எங்கள் சொல்லைக் காப்பாற்றுங்கள்!

என்றும் தங்கள் அதட்டலுக்கு ஏங்கும்,
ஆசிரியர்கள், அலுவலர்கள்